நெயில் பாலிஷ் பூசிய காந்தம்

தமிழ்செல்வி மேடம், உங்கள் கம்பெனி கேட்டில் கொடுக்கும் டீ நன்றாக இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்க்காத இடம் குறைவு. பெரும்பாலான இடங்களில் காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கிடைப்பது சர்க்கரை போட்ட வெந்நீர். உங்கள் கேட்டில் மட்டும் இஞ்சி தட்டிப் போடுகிறார்கள். பாஸ் புதுப்பிக்க வரும்போதெல்லாம் அதைக் குடித்துவிட்டுத்தான் பாதுகாப்பு வகுப்பில் போய் உட்காருவேன். வெளியாள் யாராக இருந்தாலும் அந்த வகுப்பில் உட்காராமல் உள்ளே விடமாட்டார்கள். நல்ல விதிதான். அந்த வகுப்பில் பேசுபவர் முனுசாமி என்பதுதான் எனக்குச் சிக்கல்.

நீங்கள் பாதுகாப்பு அதிகாரியாக வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. போன வகுப்பு முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆமாம் அல்லது இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதனால் எழுதித் தருகிறேன். நேரில் சொன்னால் உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

என் பெயர் புருஷோத்தமன், மீஞ்சூர்க்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். என் தொழில் என்னவென்று கேட்கும் சொந்தக்காரர்களிடம், "பழைய மெஷினுக்கு மூளை மாத்துறாரு" என்பாள் என் மனைவி. கிட்டத்தட்ட சரிதான். ஒரு மெஷினின் இரும்பு தலைமுறைக் கணக்கில் உழைக்கும். அதை நடத்தும் கன்ட்ரோலர் அவ்வளவு காலம் தாங்காது. ஒரு கட்டத்தில் தயாரித்தவனே அதைக் கைவிட்டுவிடுவான், ஸ்பேர் கிடைக்காது. அப்போது என்னைப் போன்றவனைக் கூப்பிடுவார்கள். பழைய கன்ட்ரோலருக்குள் இருக்கும் புரோகிராமை எடுத்து, வரி வரியாகப் படித்து, புதிய கன்ட்ரோலருக்குப் புரிகிற மாதிரி மாற்றி எழுதித் தருவேன். மாற்றியது வெளியே தெரியக் கூடாது. ஆபரேட்டர் நேற்று அழுத்திய அதே பட்டனை இன்று அழுத்தினால் நேற்று நடந்ததே இன்றும் நடக்க வேண்டும். இதில் நான் கெட்டிக்காரன். பெருமைக்காகச் சொல்லவில்லை. இனிமேல் நான் சொல்லப்போவதைப் படித்துவிட்டு, பாவம் தெரியாமல் செய்துவிட்டான் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான்.

உங்கள் ஷெட்டின் கோடியில் இருக்கும் பெயின்ட் பக்கெட் மெஷினுக்கு மூளை மாற்றியது நான்தான். அது உருகிய பிளாஸ்டிக்கை மோல்டுக்குள் செலுத்தும். மோல்டு இரண்டு பாதியாக இருக்கும். சேர்ந்தால் பக்கெட் உருவாகும், பிரிந்தால் விழும். முன்னால் ஓர் இழுப்புக் கதவு. கதவு மூடியிருந்தால்தான் மோல்டு சேரும். கதவைத் திறந்தால் எல்லாம் அப்படியே நிற்க வேண்டும். கதவு மூடியிருக்கிறதா என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது மெஷினின் இரும்புச் சட்டத்தில் இருக்கும் ஒரு சின்ன சுவிட்ச். கதவில் பொருத்திய காந்தம் அதற்கு எதிரே வந்து நின்றால், கதவு மூடிவிட்டது என்று அது சொல்லும்.

அந்த சுவிட்சை ஏமாற்றுவது எப்படி என்று எல்லா ஷெட்டிலும் தெரியும். வேறொரு காந்தத்தை அதன் மேல் ஒட்டிவிட்டால் போதும். கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும் மெஷின் ஓடும். பக்கெட் மோல்டில் ஒட்டிக்கொள்ளும்போதெல்லாம் கதவைத் தள்ளி, மூடி, மறுபடி முதலிலிருந்து சூடேற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைய டார்கெட்டும் வந்துவிடும். மேனேஜர்கள் இதைப் பார்க்க மாட்டார்கள்; பார்த்தாலும் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அந்த மெஷினை ஓட்டிய முனுசாமியிடமும் ஒரு காந்தம் இருந்தது. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து பெயர்த்தெடுத்த துண்டு. கிரீசிலும் குப்பையிலும் விழுந்து தொலைந்துவிடக் கூடாதென்று அதில் தன் மகள் பூமிகாவின் சிவப்பு நெயில் பாலிஷைப் பூசி வைத்திருந்தார். அதை வைத்து ஷெட்டில் அவரைக் கிண்டல் செய்யாத ஆளில்லை. "முனுசாமிண்ணன் மேக்னட்டுக்கு மெகந்தி எப்போ?" என்று கேட்பார்கள். அவரும் சிரிப்பார். ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கறார். காந்தம் ஒட்டியிருக்கும்போது ஸ்டாப் பட்டனை அழுத்தாமல் ஒரு நாளும் உள்ளே கை விட்டதில்லை. இதை ஃபிட்டர் அன்புசெல்வன் என்னிடம் சொல்லியிருக்கிறான், நானே பார்த்தும் இருக்கிறேன்.

இனி நான் செய்தது.

புதிய கன்ட்ரோலரை மாட்டி முடித்த அன்று கதவு இடத்தில் இல்லை. அதன் தண்டவாளம் தேய்ந்துபோய் வெல்டிங்குக்கு அனுப்பியிருந்தார்கள். ஆனால் முதலாளி வந்திருந்தார், பக்கெட் விழுவதைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று நின்றார். கதவு இல்லாமல் மெஷின் ஓடாது. அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு, ஃபோர்ஸ் என்று பெயர். சுவிட்ச் என்ன சொன்னாலும் காதில் வாங்காதே, கதவு மூடியிருக்கிறது என்றே வைத்துக்கொள் என்று லேப்டாப் வழியாகக் கன்ட்ரோலருக்குக் கட்டளை போடுவது. சோதனை ஓட்டத்துக்கு எல்லோரும் செய்வதுதான். நான் மெஷின் பக்கத்திலேயே நின்றுகொண்டேன், ஒருவரையும் கிட்டே விடவில்லை. பக்கெட்டுகள் ஒழுங்காக விழுந்தன. முதலாளி ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு என் தோளையும் தட்டினார்.

சாயங்காலம் கதவு வந்தது. அன்புசெல்வன் மாட்டினான். கதவைத் திறந்து மூடி, சுவிட்சில் சின்ன விளக்கு எரிந்து அணைவதைப் பார்த்துவிட்டு, "லைட்டு வந்து வந்து போவுது சார், ஓகே" என்றான். சுவிட்ச் சரியாகத்தான் பேசியது. கன்ட்ரோலர்தான் அதைக் கேட்க வேண்டாம் என்ற என் கட்டளைக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தது. நான் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஃபோர்ஸை எடுக்கவில்லை.

பழைய கன்ட்ரோலர்களில் இதற்கு மன்னிப்பு உண்டு. மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால் ஃபோர்ஸ் தானாகப் போய்விடும். நாங்கள் எல்லோரும் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள். எதை விட்டுவிட்டு வந்தாலும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் துடைத்துவிடும். புதியது அப்படியில்லை. கரண்ட் போனாலும் போட்ட கட்டளையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். நாமாகப் போய் எடுத்தால்தான் எடுபடும். வேலையை எடுக்கும்போது உங்கள் மேனேஜரிடம் நானே இதைச் சொல்லித்தான் விற்றேன். "கரண்ட் போனாலும் இது ஒண்ணத்தையும் மறக்காது சார்."

அந்த நேரத்தில் மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்துக்கு மறுபடி வருவேன்.

மறுநாள் எனக்குத் தடா பக்கம் வேறு வேலை. அங்கே இருக்கும்போது உங்கள் மேனேஜர் போன் செய்தார். முனுசாமியின் வலது கை மோல்டுக்குள் போய்விட்டது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள், மத்தியானம் அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் வாருங்கள் என்றார். பக்கெட் ஒட்டிக்கொண்டது. முனுசாமி கதவைத் திறந்தார். திறந்தால் நிற்க வேண்டும். கையை விட்டார். மோல்டு சேர்ந்தது. மணிக்கட்டு வரை.

நான் வந்தபோது மெஷினைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். அன்புசெல்வன் மட்டும் கன்ட்ரோலர் வைத்த பேனலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். ஸ்டோரிலிருந்து எக்ஸ்டென்ஷன் போர்டு கொண்டுவரச் சொல்லி அவனை அனுப்பினேன். அது எனக்குத் தேவைப்படவில்லை. லேப்டாப்பைத் திறந்ததும் திரையின் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் எழுத்து, ஃபோர்ஸ் போட்டிருக்கிறது என்று காட்டுவது. அதை எடுத்தேன். இரண்டு க்ளிக்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அப்போதும் எனக்கு மூளை நன்றாக வேலை செய்தது. இப்போது மெஷின் ஒழுங்காக இருக்கிறது, கதவைத் திறந்தால் நிற்கிறது. அப்படியானால் காலையில் ஏன் நிற்கவில்லை என்று கேட்பார்கள். காரணம் கிடைக்காத விபத்தை யாரும் விடமாட்டார்கள். வேறு நிபுணர்களை அழைத்துவந்து கன்ட்ரோலரையே தோண்டுவார்கள். ஒரு காரணம் கையில் கிடைத்துவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

என் பையில் சிவப்பு நெயில் பாலிஷ் பூசிய அந்தக் காந்தம் இருந்தது. எப்படி வந்தது என்று கடைசியில் சொல்கிறேன். அதை எடுத்தேன். ரொம்பவே சுத்தமாக இருந்தது. மெஷினின் காலடியில் வழிந்திருந்த கிரீசை விரலில் எடுத்து ஓரங்களில் தடவினேன். நெயில் பாலிஷ் தெரியும்படி விட்டேன். சுவிட்சின் மேல் ஒட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டேன்.

அன்புசெல்வன் போர்டோடு வந்தான். மேனேஜரும் வந்துவிட்டார். அந்தக் கதவு சுவிட்சைக் கொஞ்சம் பார் என்று அவனிடம் சொன்னேன்.

"சார்," என்றான் அவன். "இங்க மேக்னட்டு ஒட்டிக்கினு கீது சார்."

"யாருதுய்யா அது?" என்றார் மேனேஜர்.

யாருடையது என்று சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அந்தச் சிவப்பை அறியாத ஆள் ஷெட்டில் கிடையாது. அன்புசெல்வன் அந்தப் பக்கம் போய் நின்று அழுதான். ஆய்வுக்கு வந்தவர்கள் முன்னால் காந்தத்தை எடுத்துவிட்டுக் கதவைத் திறந்து காட்டினேன், மெஷின் நின்றது. மறுபடி ஒட்டிவிட்டுத் திறந்தேன், மெஷின் ஓடியது. புரிகிற மாதிரி, நிதானமாக விளக்கினேன் என்று ஒருவர் பாராட்டினார். விளக்குவதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

நான் கையை எடுக்கவில்லை மேடம், மெஷின் எடுத்தது என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதிலாவது கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள இடம் இருந்தது. அடுத்து நடந்ததில் அதுகூட இல்லை.

ஆஸ்பத்திரிக்கு மேனேஜரோடு போனேன். முனுசாமி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி கங்கம்மா எழுந்து எனக்கு நாற்காலியைக் கொடுத்தார். மேனேஜர் போனில் எடுத்திருந்த போட்டோவைக் காட்டினார். முனுசாமி போனை இடது கையில் வாங்கிப் பார்த்தார்.

"என்னுதுதான்," என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆனா சார், அத்த நான் உங்க கைல குடுத்துட்டேன்ல? பேனல் மாத்துன அன்னிக்கு?"

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். கங்கம்மாவும் திரும்பினார்.

"இல்லண்ணா," என்றேன். "எங்கிட்ட ஒண்ணும் குடுக்கலியே."

"குடுக்கல?"

"குடுக்கணும்னு நெனச்சிருப்பீங்க. வலிக்கு ஊசி போட்டிருக்காங்க இல்ல, அதுல கொழம்பும்."

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்படிப் பார்க்கவில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவன் வழி கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதுபோல நம்பிக்கையோடு பார்த்தார்.

"அப்டித்தான் இருக்கும் போல," என்றார். "ஆனா மேக்னட்டு போட்டா ஸ்டாப்பு அமுக்காம நான் கைய உட மாட்டேனே சார். இத்தினி வருசத்துல ஒரு தபா கூட உட்டதில்லியே."

"அவசரத்துல மறந்திருப்பீங்கண்ணா."

அவர் தலையசைத்தார். பிறகு சொன்னார்: "புது மெஷினு மாட்டி ரெண்டு நாள் கூட ஆவல. என்னால உங்களுக்குத்தான் கெட்ட பேரு. மன்னிச்சிக்கோங்க சார்."

நான் என்ன சொன்னேன் என்று கேட்காதீர்கள். சரி, சொல்லிவிடுகிறேன், இவ்வளவு சொன்ன பிறகு இதை மறைத்து என்ன ஆகப்போகிறது. "பரவால்லண்ணா, விடுங்க" என்றேன். அவரை மன்னித்தேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. வெட்கம் என்ற சொல் போதவில்லை, வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

அன்று அவர் ஏன் ஸ்டாப் பட்டனை அழுத்தவில்லை என்பது எனக்குத் தெரியும். காந்தம் இல்லை என்பதால்தான். காந்தம் இருந்தால் கதவை நம்பமாட்டார், பட்டனை அழுத்துவார். அதை விட்டுவிட்டவர், ஒழுங்காக வேலை செய்ய முடிவெடுத்தவர், கதவை நம்பினார். பழையபடி திருட்டுத்தனம் செய்திருந்தால் அவருக்கு இன்று இரண்டு கையும் இருக்கும்.

அதற்குப் பிறகு கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில் அவர் ஊருக்கு அடிக்கடி போனேன். பழம் வாங்கிக்கொண்டு போவேன். கை போனதை அவர் சமாளித்துக்கொண்டார். இடது கையால் சாப்பிட, சட்டை மாட்ட, பைக்கின் பின்னால் பிடித்துக்கொண்டு உட்காரப் பழகினார். பழகாதது வேறொன்று. கங்கம்மா வாசல் வரை வந்து மெல்லிய குரலில் சொன்னார்.

"கேஸு சிலிண்டர மூடினேனா, மூடினேனான்னு என்னயே கேக்குறாரு சார். கழனிக்குப் போயி மடையத் தொறந்துட்டு வருவாரு. ரோட்டாண்ட வந்ததும் தொறந்தேனா இல்லியான்னு திரும்பிப் போவாரு. பூமிகா ஃபீசு கட்டுன ரசீத கைல வச்சிக்கினே, கட்டிட்டேனான்றாரு. கை போனா போவுது, நான் கீறேன். இது இன்னாது சார் புதுசா? தலைல எதனா அடிபட்டிருக்குமா?"

"அதெல்லாம் இல்ல. அதிர்ச்சி. போகப்போகச் சரியாயிடும்" என்றேன். டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டார். தேவைப்படாது என்றேன். அவர் மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் உறுதியாகத் தெரியும். ஓர் ஆள் தெளிவாகக் கண்ணால் கண்டு, கையால் செய்த ஒன்றை, அது நடக்கவே இல்லை என்று இன்னொருவன் சொல்லிவிட்டால், அதன் பிறகு அவர் எதை வைத்துத் தன்னை நம்புவார்?

உங்கள் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பிவிடத்தான் பார்த்தது. விதியை மீறியவர் என்று பேச்சு. நான்தான் மேனேஜரிடம் உட்கார்ந்து பேசினேன். பாதுகாப்பு வகுப்பில் நாம் சொன்னால் கொட்டாவி விடுவார்கள், அடிபட்டவரே சொன்னால் கேட்பார்கள் என்றேன். மேனேஜருக்குப் பிடித்தது. முனுசாமிக்கு வேலை நிலைத்தது. இதில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது, மறைக்க விரும்பவில்லை. அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன் என்று என் மனைவியிடம்கூடச் சொன்னேன். அவள் என்னை நல்லவன் என்றாள்.

அந்த வகுப்பு நான் போகும் பாதையிலேயே வந்து உட்காரும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. என் பாஸ் முடியும்போதெல்லாம் வெல்டர்கள், பெயின்டர்கள், லாரி டிரைவர்கள் நடுவில் உட்கார்ந்து அவர் பேசுவதைக் கேட்க வேண்டும். நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். முழுக்கைச் சட்டையின் வலது கையை மடித்து ஊக்கு குத்தியிருப்பார். தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"மேக்னட்ட நான் குடுத்துட்டேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். இன்னிக்கும் கண்ண மூடினா நான் குடுக்குறது தெரியுது. சார் கைய நீட்டி வாங்குறது தெரியுது, சட்ட பாக்கெட்டுல போடுறது தெரியுது. ஆனா அது நடக்கவே இல்ல. பாத்துக்கோங்க, மனசு எப்டிப் பொய் சொல்லுதுன்னு. அதனால உங்க ஞாபகத்த நம்பாதீங்க. ஒரு தபாவுக்கு ரெண்டு தபா பாருங்க."

பிறகு என்னைக் காட்டுவார். "தோ, பின்னாடி குந்திக்கினு கீறாரே, அவருதான் மெஷின மாத்துன சார். தங்கமான மனுசன். அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

எல்லோரும் திரும்பி என்னை மரியாதையாகப் பார்ப்பார்கள். நான் தலையை லேசாகக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைப்பார்கள். வகுப்பு முடிந்ததும் அவர் என்னிடம் வருவார். "கரெக்டா சொன்னேனா சார்? எதுனா உட்டுட்டேனா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். கரெக்டா சொன்னீங்கண்ணா என்பேன். அவருக்கு முகம் தெளியும். தான் சொன்னது சரிதானா என்று கேட்டுக்கொள்ள அவருக்கு என்னை விட்டால் ஆளில்லை.

போன தடவை நீங்கள் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். வெளியே வந்ததும் கேட்டீர்கள்: "அவர் இவ்ளோ தெளிவா சொல்றாரே சார். பாக்கெட்டுல போட்டீங்கன்னு கூடச் சொல்றாரு. நிஜமாவே அவர் உங்ககிட்ட குடுத்தாரா?" இத்தனை பேர் உட்கார்ந்து கேட்ட வகுப்பு அது. அந்தக் கேள்வி வேறு ஒருவருக்கும் வரவில்லை.

பதிலுக்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்று. ஃபோர்ஸை எடுக்க மறந்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். வைத்துக்கொள்ளாதீர்கள். மெஷினை விட்டுக் கிளம்பும்போது மறந்தது உண்மை. ரயில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முதலாளி தோளைத் தட்டியதை நினைத்துச் சிரித்துக்கொண்டே வந்தேன். கவரைப்பேட்டையில் ரயில் நின்றபோது ஞாபகம் வந்தது. சந்தேகமாக அல்ல, தெளிவாக. அங்கேயே இறங்கி எதிர் பிளாட்பாரத்துக்குப் போயிருக்கலாம். அன்புசெல்வனுக்கு ஒரு போன் போட்டு, நான் வரும்வரை மெஷினை ஓட்டாதே என்று சொல்லியிருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. முதலாளி முன்னால் அவ்வளவு நன்றாக ஓட்டிக் காட்டிவிட்டு, அதே நாளில் நிறுத்தச் சொன்னால் சிரிப்பார்கள் என்று தோன்றியது. காலையில் ஷிஃப்ட் மாறும்போது ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார்கள், போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போகாது என்று தெரிந்தே சொல்லிக்கொண்டேன். பொன்னேரி வந்தது. கதவை யார் திறக்கப்போகிறார்கள், முனுசாமியிடம்தான் காந்தம் இருக்கிறதே, பட்டனை அழுத்திவிட்டுத்தானே கை விடுவார் என்றும் நினைத்தேன். அப்படி நினைத்தபோது அந்தக் காந்தம் என் சட்டைப் பாக்கெட்டில் இருந்தது.

இனி உங்கள் கேள்வி.

கொடுத்தார். சோதனை ஓட்டம் முடிந்து எல்லோரும் முதலாளியைச் சுற்றி நின்றபோது, முனுசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். காந்தத்தை பேன்ட்டில் துடைத்தார், நெயில் பாலிஷ் பளிச்சென்று ஆனது. "இத்த நீங்களே வச்சிக்கோங்க சார். பழசு சும்மா சும்மா நின்னுக்கினு பேஜாரு பண்ணும், அதுக்குத்தான் வச்சிருந்தேன். இனிமே வேணாம். புதுசு நம்பலாம்ன்றீங்க இல்ல?" என்றார். நம்பலாம்ணா என்றேன். கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்; வீட்டுக்கு வந்துதான் பைக்கு மாற்றினேன். அவர் வகுப்பில் சொல்வதில் ஓர் எழுத்துகூடப் பிசகு இல்லை. அவர் சொல்லாதது ஒன்றே ஒன்று: வலது கையால் கொடுத்தார்.

இந்தக் காகிதத்தை வைத்து நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்யுங்கள். மேனேஜரிடம் கொடுங்கள், போலீசுக்குக் கொடுங்கள், நான் எங்கும் ஓடமாட்டேன். மீஞ்சூரில்தான் இருப்பேன். ஒரே ஒரு வேண்டுகோள். முனுசாமி அண்ணனிடம் மட்டும் சொல்ல வேண்டாம். தன் ஞாபகத்தை நம்பக் கூடாது என்று அவர் ஒரு வழியாக ஏற்றுக்கொண்டுவிட்டார். வகுப்பு இருக்கிறது, வேலை இருக்கிறது, என்னைப் பார்த்தால் சிரிக்கிறார். இத்தனைக்குப் பிறகு அவர் நினைத்ததுதான் சரி என்று போய்ச் சொன்னால் மனிதர் தாங்கமாட்டார்.

நான் எனக்காகக் கேட்கவில்லை.